குசினியைக் கழற்றி எடுத்த படம்

அந்தக் கட்டடக் கலைஞரைப் பற்றி நான் நாலு ஆவணப்படங்கள் பார்த்திருக்கிறேன். நாலிலும் ஒரு மலசலகூடம்கூடக் கிடையாது.

பகிடிக்குச் சொல்லவில்லை. அந்த நாள்களில் நான் கிளிநொச்சியில் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தில் படவரைஞராக இருந்தேன். வீட்டுப் படம் கீறுவதுதான் வேலை. மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து போதிய தூரத்தில் இருக்கிறதா, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, படுக்கிற அறைக்கும் அடுப்புக்கும் நடுவே சுவர் இருக்கிறதா என்பதிலேயே என் பகல் முழுவதும் போய்விடும். அப்படிப்பட்ட ஒருத்தியை இருட்டறையில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் வெறும் சுவர்களைக் காட்டினால் அவள் வேறு எதைத் தேடுவாள்?

உட்காரவைத்தவர் எங்கள் முகாமையாளர். சமாதான காலத்தில் லண்டனிலிருந்து திரும்பி வந்தவர். அங்கே கட்டடக்கலை படிக்கத் தொடங்கி இடையில் விட்டவர் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. சுனாமி வந்து சில மாதங்களில், முல்லைத்தீவுக் கரையில் சனங்கள் இன்னும் தகரக் கொட்டில்களில் வெந்துகொண்டிருந்தபோது, அவர் சனிக்கிழமை காலைகளில் எங்களுக்குப் படம் காட்டத் தொடங்கினார். கூட்ட அறையின் யன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டப்படும். பின்னால் ஜெனரேற்றர் இரையும். கணக்காளர், வாகனச் சாரதி, தேநீர் போடுபவர் உட்பட எல்லோரும் வரவேண்டும். உலகத்தில் இப்போது உயிரோடு இருக்கிற மிகப் பெரிய கட்டடக் கலைஞரின் வேலையைப் பார்த்தால் எங்கள் கண் திறக்கும் என்றார்.

முதல் படம் ஒரு ஏரிக்கரையில் கட்டிய ஓவியக் கூடத்தைப் பற்றியது. கமெரா ஒரு பூனையைப்போல மெதுவாக உள்ளே போய், தூண்களைச் சுற்றி, படியேறி, இறங்கி, மறுபடி ஏறும். பியானோ ஒவ்வொரு சுரமாகச் சொட்டும். ஒரு மனிதர் இல்லை. ஒரு கதிரை இல்லை. கடைசியில் அவர் வருவார்: நீண்ட வெள்ளைச் சட்டை, வெறுங்கால். சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவார். பின்னணியில் ஒரு குரல், அவர் கட்டடம் கட்டுவதில்லை, மௌனத்தைக் கட்டுகிறார் என்று சொல்லும். மௌனத்துக்கு எத்தனை பை சீமெந்து போகும் என்று எனக்குப் பக்கத்திலிருந்த கணக்காளர் என் காதில் கேட்டார்.

இரண்டாவது படத்தில் மலையுச்சியில் ஒரு வழிபாட்டு மண்டபம். அதில் ஓரிடத்தில், தூணின் பின்னால், ஒரு மஞ்சள் வாளி தெரிந்தது. ஒரு நொடிதான். படக்காரர்கள் கவனிக்காமல் விட்டிருக்க வேண்டும். நான் கையை உயர்த்தி, முகாமையாளரைப் படத்தில் கொஞ்சம் பின்னுக்குப் போகச் சொன்னேன். போனார். வாளி அங்கேயே இருந்தது.

"கூரை ஒழுகுது போல, சேர்," என்றேன்.

"கூட்டுற ஆக்கள் வைச்சிருப்பினம்," என்றார் முகாமையாளர். "நீங்கள் வாளியைப் பாக்கிறீங்கள். அதுதான் எங்கட பிரச்சினை. நாங்கள் எப்பவும் வாளியைத்தான் பாக்கிறம்."

அதற்குப் பிறகு நான் ஒரு படத்தையும் கை உயர்த்தி நிறுத்தவில்லை. மூன்றாவது படம் அவருடைய சொந்த வீட்டைப் பற்றியது. நீளமான மேசை, அதில் ஒரு கிளாஸ் தண்ணீர். அலுமாரி இல்லை, துவாய் இல்லை, செருப்பு இல்லை. அவருடைய மனைவி ஒரேயொரு தடவை வந்தா. யன்னலோரமாக நின்று வெளியே பார்த்தா. அவ்வளவுதான் அவாவுக்குக் கொடுத்த வேலை. அந்த வெள்ளைச் சட்டைகளை யார் தோய்க்கிறார்கள், எங்கே காயப்போடுகிறார்கள் என்று படம் சொல்லவில்லை. எங்கள் சாரதி பொறுக்க முடியாமல், "உந்த வீட்டில ஆர் இருக்கினம்?" என்று கேட்டார். முகாமையாளர் ஒலியைக் கொஞ்சம் கூட்டிவிட்டார்.

மூன்றையும் பார்த்து முடித்தபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. அந்தப் படங்களை எடுத்தவர்கள் யாரும் அந்தக் கட்டடங்களில் வேலை செய்கிற, இருக்கிற, கூட்டித் துடைக்கிற ஒருவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவரிடம் கேட்டார்கள், அவருடைய நண்பர்களிடம் கேட்டார்கள், நண்பர்கள் அவரைப் புகழ்வதை அவரிடம் சொல்லி அதற்கும் கருத்துக் கேட்டார்கள். ஒரு மனிதரைச் சுற்றி இத்தனை பேர் கைகட்டி நிற்பதை நான் கோயில் திருவிழாவில்கூடக் கண்டதில்லை.

படங்கள் எதற்காகக் காட்டப்பட்டன என்பது பிறகுதான் தெரிந்தது. சுனாமியில் வீடிழந்தவர்களுக்கு அந்தப் பெரியவர் இலவசமாக வீடு வடிவமைத்துத் தரப்போகிறார். இனி அவர் எங்கள் அலுவலகத்தில் பெரியவர்தான். முகாமையாளர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது குரல் தாழும்.

வடிவப் படங்கள் மின்னஞ்சலில் வந்தன. எங்கள் மேசன்மாருக்கு விளங்கும்படி திரும்பக் கீறுவது என் பொறுப்பு. நீள்சதுரமான ஒரே வெளி. நடுக்கூரையில் ஒரு நீண்ட திறப்பு. அதனூடாக வெளிச்சம் விழவேண்டும். இரண்டு பக்கமும் சுவருக்குப் பதில் பலகைக் கீலங்கள், இடைவெளி விட்டு. அறை இல்லை. தட்டி இல்லை. மலசலகூடத்தையும் குளிக்கிற இடத்தையும் வளவின் மூலையில் ஒரு சிறிய கட்டமாக நானாகச் சேர்த்தேன், ஏனென்றால் அவருடைய தாளில் அது இல்லை.

"குசினி எங்க சேர்?" என்று கேட்டேன்.

"உந்த நடுவெளியிலதான். வெளிச்சத்துக்குக் கீழ. வீட்டின்ர இதயமே அடுப்புத்தான் எண்டு பெரியவர் எழுதியிருக்கிறார்."

"அங்கயேதானே படுப்பினம்."

"இதைத் தடுக்கிற சுவர், அதைத் தடுக்கிற சுவர் எண்டு நாங்கள் பழகிப்போனம். அவர் அதை உடைக்கிறார்."

என் அம்மா மலையகத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். ஒரே காம்பராவில் அடுப்பும் பாயும் ஏழு பேரும். தமிழர்மீதான கலவரத்துக்குப் பிறகு அப்பாவோடு வன்னிக்கு வந்து, ஜெயபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியபோது, அவர் முதலில் கேட்டது தனியாக ஒரு குசினி. வீட்டுக்குச் சுவர் எழும்பும் முன்னரே குசினிக்கு மண்சுவர் வைத்துவிட்டார்கள். "பொகையில படுத்து எந்திரிச்ச காலம் போதும்" என்பார். சுவரில்லாத வீட்டை, தடைகளை உடைத்தெறிந்த விடுதலையாக முகாமையாளர் விளக்கியபோது எனக்கு அம்மாவை நினைத்துச் சிரிப்பு வந்தது. அம்மாவும் அப்பாவும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு விட்டுவந்த லயக் காம்பராவை, உலகம் போற்றும் மேதை ஒருவர் திரும்பக் கண்டுபிடித்து எங்களுக்கு இலவசமாக அனுப்பியிருந்தார்.

அந்த ஆண்டு மாரிக்கு முன்னர் பத்துப் பன்னிரண்டு வீடுகள் எழும்பின. முல்லைத்தீவிலிருந்து முள்ளியவளைப் பக்கம் போகிற பாதையில், கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிய மணல் காணி. இரண்டாவது வளவில் குடிவந்தவர் ஒரு அக்கா. கணவர் கடற்தொழில். ஒரு குமர்ப்பிள்ளையும், இழுப்பு வருத்தமுள்ள ஒரு சின்ன மகனும். அக்கா காலையில் இடியப்பம் அவித்து அயலுக்கு விற்பார். ஒல்லியான ஆள், கதைக்கும்போது குரல் மட்டும் பெரிது.

கார்த்திகையில் மழை தொடங்கியதும் பெரியவரின் திறப்பு வழியாக வெளிச்சத்தோடு வானமும் உள்ளே வந்தது. வாடைக்காற்று பலகைக் கீலங்களுக்கு இடையால் சீறியது. ஒரு மாதத்துக்குள் எல்லா வளவிலும் வீட்டின் பின்பக்கம் சமைக்கவென்று ஒரு சாய்ப்புப் பத்தி முளைத்தது. பழைய கொட்டில் தகரம், நாலு தடி, கிடுகு. அக்காவின் பத்தி எல்லாவற்றிலும் நேர்த்தியானது. நிலத்தை மெழுகி, அடுப்புக்கு மேலே தட்டுப் போட்டு, இடியப்பத் தட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். உள்ளே கீலங்களை மறைத்துப் பழைய சீலைகள் கட்டியிருந்தார்கள். இந்தப் பத்திகளைப் பற்றி நான் அலுவலகத்தில் அறிக்கை கொடுத்தேன். முகாமையாளர் அதை வாசித்துவிட்டு, "இது ஒரு பழக்கவழக்கப் பிரச்சினை" என்றார்.

மழை விட்டு, தை பிறந்த பிறகு, படக்காரர்கள் வந்தார்கள். பெரியவரைப் பற்றிய நாலாவது படம். இயக்குநர் ஒரு வெள்ளைக்காரப் பெண். எதைக் கண்டாலும் நெஞ்சில் கையை வைக்கிறவர். கமெராக்காரர் ஒருவர், ஒலி பதிய ஒருவர். பெரியவரும் கூட வந்தார். ஓமந்தை இராணுவச் சோதனைச்சாவடியில் தங்களுடைய பெட்டிகளை எல்லாம் திறந்து பார்த்தார்கள் என்பதை அவர்கள் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அந்தச் சாவடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் படம் எடுக்க நேரம் இருந்திருக்காது.

மொழிபெயர்க்க நான் போனேன். வளவுக்குள் நுழைந்ததும் இயக்குநர் நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். முகம் சுருங்கியது. முகாமையாளரிடம் மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். முகாமையாளர் என்னிடம் வந்தார்.

"உந்தத் தகரங்களைக் கழட்டச் சொல்லுங்கோ. ஒரு நாளைக்குத்தான். கொடியில கிடக்கிற உடுப்பையும் எடுக்கச் சொல்லுங்கோ."

"அது அவையின்ர குசினி, சேர்."

"படம் முடிய அவையே திரும்பக் கட்டலாம். ஆக்களை நாங்கள் குடுப்பம்."

அக்காவிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், பத்தியைப் பார்த்தார், முற்றத்தில் வெறுங்காலோடு நின்று மணலைக் கையில் அள்ளி விரல்களுக்கிடையால் விட்டுக்கொண்டிருந்த பெரியவரைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலமை இடியப்பத்துக்கு எங்க பிள்ளை அடுப்பு மூட்டுறது?"

"இண்டைக்குப் பின்னேரமே திரும்பக் கட்டித் தருவினமாம், அக்கா."

"ஆர், உந்த மனிசனோ?"

அவருடைய கணவர்தான், வீடு தந்தவர்களோடு என்ன வாய்க்கால் வரம்புச் சண்டை என்று சொல்லி, தகரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வேலிக்கு வெளியே கொண்டுபோய் அடுக்கினார். மெழுகிய நிலமும் அடுப்பும் வெயிலில் வெறுமனே கிடந்தன. அதுவும் படத்தில் விழக்கூடாது என்று அடுப்புக்கு மேல் மணலைக் கொட்டினார்கள். சீலைகளை மட்டும் இயக்குநர் கழற்ற விடவில்லை. காற்றில் அவை அசைவது அவருக்குப் பிடித்துவிட்டது.

பிறகு பெரியவர் உள்ளே வந்து திறப்பின் கீழே சம்மணமிட்டு இருந்தார். அவரை நேரில் பார்த்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. நல்ல தோல், நல்ல பல், எந்த அவசரமும் இல்லாத ஒரு வயதான மனிதர். தான் வடிவமைத்து அனுப்பிய இந்த வீட்டுக்குள் முதல் தடவையாக இருக்கிறார். அதைவிட, அவருடைய கண் எந்த நேரமும் கமெரா எங்கே நிற்கிறது என்று தேடிக்கொண்டிருந்தது. காலையில் வெளிச்சம் விழும்போது அக்கா என்ன உணர்கிறார் என்று கேட்கச் சொன்னார்.

கேட்டேன்.

"வெயில் முகத்தில அடிக்கும். எழும்புவன். வேற என்ன செய்யிறது?" என்றார் அக்கா.

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். பெரியவர் தலையாட்டினார். அக்கா தொடர்ந்தார். இப்படி ஒரு ஆள் நேரில் வந்து கேட்பது இதுதான் முதல் தடவை; சொல்ல வேண்டியதை அவர் சொல்லிவிடத் தீர்மானித்திருந்தார்.

"மழைக்கு உந்த ஓட்டைக்குக் கீழ அண்டா வைச்சனாங்கள். நிறைய நிறைய வெளியில ஊத்தினம். உள்ள அடுப்பு மூட்டினால் புகை மேல போகாது. காத்து அடிச்சால் எல்லாம் பாயிலயும் தலகாணியிலயும்தான் வந்து நிக்கும். என்ர கடைசிக்கு இழுப்பு. அவன் இரவில மூச்சுவிட ஏலாமல் எழும்பி இருப்பான். வீட்டில குமர்ப்பிள்ளை இருக்கு. வெளியில நிண்டு பாத்தால் உள்ளுக்கை ஆள் தெரியும். அதுதான் சீலை கட்டினது. எங்களுக்கு ஒரு குசினியும் ஒரு அறையும் வேணும். அதை அவரிட்டச் சொல்லும்."

ஒன்றும் விடாமல் சொன்னேன். குசினி என்ற சொல்லை இரண்டு தடவை சொன்னேன். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார். இயக்குநரின் கை நெஞ்சுக்குப் போனது. ஒலி பதிகிறவர் நன்றாக வந்திருக்கிறது என்று கட்டைவிரலைக் காட்டினார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "கேட்டவர் தானே?" என்றார். "கேட்டவர்" என்றேன்.

பின்னேரம் அவர்கள் வாகனம் ஏறிப் போய்விட்டார்கள். தகரத்தைத் திரும்பக் கட்ட ஆள் ஒருவரும் வரவில்லை. அக்காவின் கணவரும் நானும் எங்கள் சாரதியும்தான் இருட்டுவதற்குள் நாலு தகரத்தை ஏற்றிக் கட்டினோம்.

ஆனி மாதத்தில் படம் தபாலில் வந்தது. முகாமையாளர் அதை முதலில் தனியாகப் பார்த்தார். பிறகு என்னை அறைக்குள் கூப்பிட்டு, கண் கலங்கியபடி, "பாருங்கோ, உங்கட பேரும் கிடக்கு" என்று மடிக்கணினியைத் திருப்பினார்.

முதல் அரை மணி நேரம் ஏரிக்கரையும் மலையுச்சியும்தான், வேறு பியானோவோடு. பிறகு எங்கள் மணல் காணி வந்தது. வேலி இல்லை, பத்தி இல்லை, கொடி இல்லை. ஒரு வீடு, அதைச் சுற்றி எவருமே வாழாததுபோல. பிறகு அக்காவின் முகம். அக்காவின் குரல் தமிழில் கேட்டது. வெயில் முகத்தில அடிக்கும், எழும்புவன். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது: காலை வெளிச்சம் என்னை ஒரு தாயைப்போல எழுப்புகிறது.

நான் கதிரையில் நிமிர்ந்தேன். அக்கா அண்டாவைப் பற்றிச் சொன்னார். கீழே: மழை நாள்களில் வானம் எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறது. புகையைப் பற்றிச் சொன்னார். கீழே: அடுப்பின் புகைகூட எங்களோடு உறங்குகிறது. குமர்ப்பிள்ளையைப் பற்றிச் சொன்னபோது சீலைகள் காற்றில் எழும்பி விழுந்தன, மெதுவாக, மிக அழகாக. கீழே: எங்களுக்கும் உலகத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய துணிதான். குசினி வேண்டும் என்று சொன்ன இடத்தில் அக்காவின் குரலைக் குறைத்துப் பியானோவை ஏற்றிவிட்டிருந்தார்கள். கடைசியில் எழுத்துகள் ஓடின. மொழிபெயர்ப்பு என்று போட்டு, என் பெயர், ஒரு எழுத்துப் பிழையோடு.

"இது நான் சொன்னதில்லை, சேர். அக்கா சொன்னதும் இல்லை."

"சொல்லுக்குச் சொல் மாத்துறது மொழிபெயர்ப்பு இல்லை. உணர்வைத்தான் எடுக்கிறது. இது ஒரு கலைப்படம்."

"இழுப்புக்காரப் பொடியனை எழுப்புற புகையை நித்திரையெண்டு எழுதியிருக்கினம்."

"நீங்கள் திரும்பவும் வாளியைப் பாக்கிறீங்கள்," என்றார்.

முகாமையாளரிடம் அதற்கு முன்னரும் எனக்கு மரியாதை அதிகம் இருந்ததில்லை. ஆனால் அன்று பார்த்தபோதுதான் விளங்கியது: அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே அக்காவின் குரல் கேட்கவில்லை. அவரும் தமிழர், முல்லைத்தீவில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவருக்கு விளங்கும். இருந்தும் கீழே ஓடிய ஆங்கிலத்தை வாசித்துத்தான் அழுதிருந்தார்.

அடுத்த கிழமை வேலையாக அந்தப் பக்கம் போனபோது மடிக்கணினியையும் கொண்டுபோனேன். பின்னேரம் அக்காவின் வீட்டில் அயல் பெண்கள் ஐந்தாறு பேர் கூடினார்கள். தங்கள் வளவைத் திரையில் கண்டதும் சந்தோசம்தான். "என்ர மூக்கு இவ்வளவு பெரிசே?" என்று அக்கா சிரித்தார். நான் படத்தை நிறுத்தி, கீழே எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னேன். அடுத்த வரி. நிறுத்தினேன், சொன்னேன். மூன்றாவது வரிக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. குமர்ப்பிள்ளையைப் பற்றிய வரியைச் சொன்னபோது, பின்னால் நின்ற அக்காவின் மகள் வெளியே போய்விட்டாள்.

"நீ சரியாச் சொன்னனியோ பிள்ளை?" என்று அக்கா கேட்டார்.

"ஓம் அக்கா. நீங்கள் சொன்னதை அப்பிடியே சொன்னனான்."

"அப்ப அவைக்கு விளங்கினது."

"விளங்கினது."

"விளங்கித்தான் மாத்தினவை," என்றார். திரையில் நின்றுபோன தன் முகத்தை விரலால் காட்டினார். "விளங்காமல் மாத்தியிருந்தால் பாவமெண்டு விடலாம்."

அந்த மாதக் கடைசியில் பணம் தந்த நிறுவனத்தின் ஆட்கள் கொழும்பிலிருந்து வந்தார்கள். படத்தைத் திரையிட்டு, படத்தில் வருகிற வீட்டுக்காரியையே மேடையில் நிறுத்தி நன்றி சொல்லவைப்பது முகாமையாளரின் திட்டம். அக்காவைக் கூட்டிவர வாகனம் அனுப்பினார். நல்ல சீலையாக உடுத்திவரச் சொன்னார். அக்கா நல்ல சீலையாகத்தான் உடுத்தி வந்தார். கூடவே அயலில் மூன்று பெண்களையும் ஏற்றிக்கொண்டு வந்தார். படம் முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். முகாமையாளர், "அக்கா, ரெண்டு வசனம் சொல்லுங்கோ, பிள்ளை மொழிபெயர்ப்பா" என்றார்.

அக்கா எழுந்தார்.

"வீடு தந்ததுக்கு நன்றி. நன்றியை முதல்ல சொல்லுறன், பேந்து மறந்திடுவன். படத்தில என்ர வாய் ஒண்டு சொல்லுது, கீழ எழுத்து வேற சொல்லுதாம். நான் கவிதை ஒண்டும் சொல்லேல்லை. புகை எண்டு சொன்னனான். மழைத்தண்ணி எண்டு சொன்னனான். குசினி வேணும் எண்டு சொன்னனான். குசினி இருந்தது, படத்துக்காகக் கழட்டினவை. இப்ப நீங்கள் பாத்தது எங்கட வீடு இல்லை."

நான் மொழிபெயர்த்தேன். முகாமையாளர் என்னை நிறுத்தச் சொல்லிக் கண்ணால் சைகை காட்டினார். நான் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர்களில் கனத்த உடம்புள்ள ஒரு பெண் அதிகாரி, குசினி உண்மையிலேயே இல்லையா என்று கேட்டார். திறந்தவெளிக் கருத்தாக்கம் பற்றி முகாமையாளர் விளக்கத் தொடங்கினார். அதிகாரி இடைமறித்து, நாளைக்கே அந்த வீட்டைப் பார்க்கலாமா என்றார்.

மறுநாள் போனோம். சோழகக் காற்றுக் காலம். அக்கா ஒன்றும் விளக்கவில்லை. வீட்டின் நடுவே, வெளிச்சத்துக்குக் கீழே, பெரியவர் சொன்ன இடத்திலேயே அடுப்பை மூட்டித் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். தண்ணீர் கொதிக்கும் முன்னரே அந்த அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். முகாமையாளர் இருமியபடி கடைசியாக வந்தார். தேநீரை முற்றத்தில்தான் குடித்தோம்.

குசினிகளுக்கு அனுமதி கிடைத்தது. ஒரு பின்னேரத்தில் படம் கீறி முடித்தேன்: கல்லுச் சுவர், தகரக் கூரை, புகைபோக்கி, கதவு. வீட்டுக்குள் ஒரு அறை பிரிக்கத் தட்டி. முகாமையாளர் கையெழுத்து வைக்காமல் இழுத்தார். பெரியவரின் சம்மதம் வேண்டும் என்றார். பெரியவரின் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. இப்படிப்பட்ட சேர்க்கைகள் செய்யப்படுமானால் அந்த வீடுகளோடு அவருடைய பெயரைச் சேர்த்துச் சொல்லக்கூடாதாம். முகாமையாளர் அதைச் செத்தவீட்டுக்குப் போனவர்போல என்னிடம் வாசித்துக் காட்டினார்.

"சொல்லமாட்டம் எண்டு எழுதுங்கோ, சேர்," என்றேன்.

ஆவணியில் சண்டை திரும்பத் தொடங்கி, வன்னிக்கு வருகிற பாதை பூட்டுப்பட்டது. சீமெந்து வருவது நின்றது. நாலு குசினிகளுக்குத்தான் சுவர் முழுதாக எழும்பியிருந்தது. அக்காவுடையது அதில் ஒன்று. மற்றவர்கள் அரைச்சுவருக்கு மேலே களிமண்ணும் கிடுகும் வைத்து முடித்தார்கள். முகாமையாளர் பாதை பூட்டுமுன் கொழும்புக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அவர் இல்லாததை அலுவலகத்தில் யாரும் கவனித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அதற்குப் பிறகு நடந்த யுத்தத்தை இந்தக் கதைக்குள் வைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நாங்களும் ஜெயபுரத்திலிருந்து இடம்பெயர்ந்து, எல்லோரும் போன வழியிலே போய், எல்லோரும் வந்த வழியிலே வவுனியாவுக்கு வந்தோம். அக்காவையும் பிள்ளைகள் இரண்டு பேரையும் செட்டிகுளத்து முகாமில்தான் திரும்பக் கண்டேன். கணவர் தப்பி வரவில்லை. மாத்தளன் கரையில் விட்டிட்டு வந்தம் என்று அக்கா சொன்னார். 

யுத்தம் முடிந்த அந்த ஆண்டின் கடைசியில், முகாமிலிருந்து வெளியே போய்வரலாம் என்று விட்ட பிறகு, வவுனியா நகரத்தில் ஒரு தொலைத்தொடர்பு நிலையத்தில் என் பழைய மின்னஞ்சலைத் திறந்தேன். இயக்குநர் எழுதியிருந்தார். படத்தை ஒரு விழாவில் மீண்டும் திரையிடுகிறார்களாம். முடிவில் சில காட்சிகள் சேர்க்க விரும்புகிறாராம். அந்த வீடுகள் அழிந்திருக்கலாம் என்று அறிந்து பெரியவரும் தானும் மிகவும் வேதனைப்படுகிறார்களாம்; உலகக் கட்டடக்கலைக்கு அது ஒரு பேரிழப்பாம். இடிபாடுகளின் புகைப்படங்கள் என்னிடம் இருந்தால் அனுப்பமுடியுமா, காலை வெளிச்சத்தில் எடுத்தவையாக இருந்தால் நல்லது.

இரண்டு தடவை வாசித்தேன். வீடுகளில் இருந்தவர்களைப் பற்றி ஏதாவது ஒரு வரி இருக்கும், அவசரத்தில் தவறவிட்டிருப்பேன் என்று நினைத்துத்தான் இரண்டாவது தடவை வாசித்தேன். இருக்கவில்லை. அவர்களுடைய படங்களில் இல்லாதது கடிதத்தில் மட்டும் எப்படி இருக்கும்?

பதில் எழுதவில்லை. அக்காவின் மகள் வெளியே வாங்கில் காத்துக்கொண்டிருந்தாள். முன்னர் முல்லைத்தீவில் கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி ஒருவர் வவுனியாவில் புடவைக் கடை திறந்திருந்தார். அவளுக்கு அங்கே வேலை கேட்டுப் போவதற்காகத்தான் அன்று வந்திருந்தோம். போனதும் கடைக்காரர் அவளிடம் கணக்குத் தெரியுமா என்று கேட்டார், எங்கே தங்குகிறாய் என்று கேட்டார், தகப்பனைப் பற்றி விசாரித்தார். திங்கட்கிழமை வரச்சொன்னார்.